திக்கித் திக்கி ஓடிய கல்யாணப் படம்

இட்லி கல்லாகிவிட்டால் உளுந்து குறைவா, மாவு பொங்கவில்லையா, ஆவி போதவில்லையா என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறோம் அல்லவா? பழைய வீடியோவைப் புது வடிவத்துக்கு மாற்றிய பின் படம் திக்கித் திக்கி ஓடினாலும் அதே வழிதான். 'மெஷின் சமாசாரம், நமக்கெதற்கு?' என்று ஒதுங்க வேண்டியதே இல்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் கல்யாணம் 1989-ல் கும்பகோணத்தில் நடந்தது. அந்தக் காலத்து வி.ஹெச்.எஸ். கேஸட்டில் மூன்று மணி நேரப் படம். 1996-ல் என் மாமனார் காலமாகிவிட்டார். அவருடைய போட்டோக்கள் நிறைய உண்டு. ஆனால் அவர் நடப்பதும், சிரிப்பதும், பந்தியில் நின்றுகொண்டு "இந்த இலைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைங்கப்பா" என்று அதட்டுவதும் அந்த ஒரு கேஸட்டில்தான் இருக்கிறது. 2009-ல் அதை டி.வி.டி.யாக மாற்றி வைத்தோம். அது நல்லதாகப் போயிற்று. வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இன்று கேஸட்டைப் போட்டுப் பார்க்க மெஷின் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

போன வருஷம் எங்கள் டி.வி.டி. பிளேயரும் கண்ணை மூடியது. என் கணவர் ஒரு கடையில் கொடுத்து, படத்தை எம்.பி.4 ஃபைலாக மாற்றி, பென் டிரைவில் வாங்கி வந்தார். டி.வி.யில் செருகிப் பார்த்தோம். நாதஸ்வரம் அருமையாகக் கேட்டது. படம்தான் வெட்டி வெட்டி ஓடியது. மாமனார் வாசலிலிருந்து மணமேடைக்கு வரும் இடத்தில், காலை இழுத்து இழுத்து நடப்பது போல இருந்தது.

என் மாமியாருக்கு வயது 84. கொஞ்ச காலமாக ஞாபக மறதி வேறு. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, உன் மாமா இப்படியா நடப்பார்? அவர் நடந்தா தெருவே திரும்பிப் பார்க்குமே! எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சா?" என்றார். எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. மிச்சமிருக்கும் நினைவையும் இந்தப் படம் அழித்துவிடும் போலிருக்கிறதே! "இல்லை அத்தை, நீங்க சொல்றதுதான் சரி. படத்துலதான் கோளாறு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நிரூபிக்க வேண்டுமே! கடையில் கேட்டதற்கு, "பழைய கேஸட் அப்படித்தாம்மா இருக்கும்" என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டி.வி.டி.யில் பார்த்தபோது இப்படி இல்லையே? மகனுடைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில், கோளாறு டி.வி.யிலா ஃபைலிலா என்று பார்த்தேன். பென் டிரைவில் இருந்ததை லேப்டாப்பில் காப்பி செய்து, இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டினேன். அதே இடத்தில் அதே வெட்டு. ஆகவே டி.வி.யும் பென் டிரைவும் நிரபராதிகள்.

அடுத்தது, பழைய டி.வி.டி. பக்கத்து வீட்டில் டி.வி.டி. டிரைவ் இரவல் வாங்கி லேப்டாப்பில் ஓட்டினேன். மாமனார் ராஜநடை போட்டு வந்தார்! அப்படியானால் கேஸட்டின் வயதைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. மாற்றும்போதுதான் எதுவோ நடந்திருக்கிறது.

மூன்றாவதாக, வி.எல்.சி.யில் 'டூல்ஸ்' என்ற இடத்தில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கிறது. படத்தின் ஜாதகமே அதில் தெரியும். டி.வி.டி.க்கு ஃபிரேம் ரேட் 25 என்று இருந்தது. புது ஃபைலுக்கு 30. குட்டு வெளிப்பட்டது!

வீடியோ என்பது வேகமாகப் புரளும் படங்கள்தானே? நம் நாட்டு டி.வி.க்கு வைத்திருந்த 'பால்' முறையில் வினாடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த முறையில் ஏறக்குறைய 30. இருபத்தைந்து படத்தை முப்பதாகக் காட்டு என்றால் மெஷின் என்ன செய்யும்? முப்பது இலை போட்ட பந்திக்கு இருபத்தைந்து பேர் வந்தால், ஐந்து பேரை மறுபடி உட்கார வைப்பது மாதிரி, ஐந்து படத்தை இரண்டு தடவை காட்டுகிறது. ஒவ்வொரு வினாடியிலும் ஐந்து சின்னத் தயக்கம். உட்கார்ந்திருப்பவர்களிடம் அது தெரியாது. நடப்பவர்களிடம் நன்றாகத் தெரியும்.

அந்த ஃபைலையே மறுபடி மாற்றினால் சரியாகாது. தீய்ந்த குழம்பில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். மூலத்துக்கே போக வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் டி.வி.டி.யைத் திறந்து, ஃபிரேம் ரேட்டில் 'சேம் அஸ் சோர்ஸ்', அதாவது மூலத்தில் உள்ளபடியே, என்று வைத்தேன். பழைய வீடியோவில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவையும் இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவையுமாகப் படம் வரும். அதனால் அசையும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். அதற்கு 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டேன். தரத்துக்கு 20 என்ற எண். எண் குறையக் குறையத் தரமும் ஃபைலின் அளவும் கூடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முதலில் ஒரே ஒரு நிமிஷப் படத்தை மட்டும் மாற்றி, டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகுதான் முழுப் படம்.

அன்று சாயங்காலம் அத்தை அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். "பார்த்தியா, நான் சொல்லலை?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த பெருமையை, பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

உங்கள் வீட்டில் படம் வெட்டுவதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். லேப்டாப்பில் நன்றாக ஓடி டி.வி.யில் மட்டும் திக்கினால், அந்த ஃபைல் 2013-ல் வந்த ஹெச்.265 வகையா என்று பாருங்கள். பழைய டி.வி.க்கள் பலவற்றுக்கு அது ஜீரணமாகாது, ஹெச்.264 ஆக மாற்றினால் போதும். லேப்டாப்பிலிருந்து நன்றாக ஓடுவது பென் டிரைவிலிருந்து மட்டும் நின்று நின்று வந்தால், வேறு பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். செல்போனில் எடுத்த குழந்தையின் படத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று போனால், வெளிச்சத்துக்குத் தக்கபடி போன் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கியிருக்கலாம். மாற்றும்போது 'கான்ஸ்டன்ட்' என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடையில் கொடுப்பதானால் மூலத்தில் உள்ள ஃபிரேம் ரேட்டே இருக்கட்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்கும்போது யாராவது நடந்து வரும் காட்சியை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். புதுசு வந்துவிட்டதே என்று கேஸட்டையோ டி.வி.டி.யையோ தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூலம் கையில் இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.