மூன்று டிக்கெட்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும் வாகனங்களின் இரைச்சல் அந்த மாடி வீட்டின் ஹாலில் ஓயாமல் கேட்கிறது. டீப்பாயின் மேல் ஒரு பழைய ஆல்பம். அதில் ஒரு படம் சற்றே சாய்ந்திருக்கிறது. அலைக்குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், நனைந்த சேலையோடு ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி முன்பல் விழுந்த ஒரு பையன். தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா, மே 1997. எடுத்தது அப்போது ஒன்பது வயதான அக்கா, கேமரா இரவல். அப்பா படத்தில் இல்லை. "அப்பாவுக்கு ராட்டினம்னா பயம், வெளியவே உக்காந்துட்டாரு" என்று இந்த வீட்டில் கால் நூற்றாண்டாகக் கேலி செய்து வந்தார்கள்.

1809இல் ஆங்கிலேயர் அமைத்த ராணுவக் குடியிருப்பைப் பெங்களூர்த் தமிழர்கள் இன்றும் 'தண்டு' என்றே சொல்கிறார்கள். அதையொட்டிய காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் தமிழ் காதில் விழாத தெரு அபூர்வம். மூன்று, நான்கு தலைமுறையாக இதுதான் ஊர் என்றிருக்கும் குடும்பங்கள் பல. ஆனாலும் முழுப் பரீட்சை முடிந்தால் சென்னைதான். அங்கே சித்தி இருக்கிறார், தங்கும் செலவு மிச்சம். பெங்களூரின் குளுமையை விட்டுவிட்டு மே மாதத்துச் சென்னையில் போய் வேகும் இந்தக் கணக்கு எந்தச் சுற்றுலாத் துறைக்கும் புரியாது.

பிள்ளைகளுக்கு உள்ளூரிலும் விளையாட இடம் இருந்தது. கப்பன் பூங்காவின் பால பவனில் பொம்மை ரயில் ஓடியது. ஆனால் கிஷ்கிந்தா என்ற பெயரே அன்று வேறு மயக்கம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை 1984இல் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் அந்தப் பூங்காவை உருவாக்கியவர். குட்டிச்சாத்தானில் சுவரிலும் கூரையிலும் நடந்த குழந்தைகளைத் திரையில் பார்த்தவர்களுக்கு, அதே மனிதர் கட்டிய உலகத்துக்குள் போகலாம் என்றால் சும்மாவா? இன்னொரு வேடிக்கையும் உண்டு. ராமாயணத்தின் கிஷ்கிந்தை, ஹம்பிக்கு எதிரே துங்கபத்திரையின் மறுகரையில் உள்ள ஆனெகுந்திதான் என்பது நெடுநாள் நம்பிக்கை. சொந்த மாநிலத்தில் வாலியும் சுக்ரீவனும் ஆண்ட இடத்தை விட்டுவிட்டு, கர்நாடகக் குழந்தைகள் தாம்பரத்துக்கு ரயிலேறினார்கள்!

அதிகாலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் லால்பாக் எக்ஸ்பிரஸ். பெரம்பூரில் சித்தி வீட்டில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை பார்க் ஸ்டேஷனில் இருந்து, அப்போது மீட்டர் கேஜில் ஓடிய மின்சார ரயில். பையில் புளியோதரை, துண்டுகள், மாற்றுத் துணி. சறுக்கு மரத்தில் இருந்து தண்ணீரில் விழுந்ததும் தம்பி "சக்கத்!" என்று கூவியதும், வரிசையில் நின்ற சென்னைப் பையன்கள் அந்தக் கன்னடச் சொல்லைக் கேட்டுச் சிரித்ததும் அக்காவுக்கு மறக்கவில்லை. தம்பிக்கு அதெல்லாம் நினைவில்லை. அம்மா கொண்டை அவிழ்ந்து, அலை வரும்போதெல்லாம் கத்தியது மட்டும்தான் நினைவு. வீட்டில் அம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து அவன் கேட்டதே இல்லை.

உண்மை சென்ற ஆண்டுதான் வெளிவந்தது. சொன்னவர் அம்மா. வந்த இடத்தில் சித்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர், மருந்து என்று கைப்பணம் கரைந்துவிட்டது. கவுன்டருக்கு முன் நின்று இரண்டு முறை எண்ணிப் பார்த்த அப்பா, "எனக்குத் தலை சுத்தும், நீங்க மூணு பேரும் போங்க" என்று சொல்லிவிட்டார். மாலை வரை வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். புளியோதரையைக்கூடப் பிரிக்கவில்லை. "அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுறே?" என்று அவர் டிவி சத்தத்தைக் கூட்டினாராம்.

இந்த மாதிரி நினைவுகளைச் சரிபார்க்கக்கூட எல்லோருக்கும் வாய்ப்பில்லை. டில்லியின் அப்பு கர் 2008இல் மூடப்பட்டது. மும்பையின் எஸ்ஸெல் வேர்ல்டு 2022இல். பெங்களூர்க்காரர்களுக்கோ 2005 முதல் மைசூர் சாலையில், பிடதி அருகே வொண்டர்லா இருக்கிறது. சென்ற மே மாதம் தம்பி எல்லோருக்கும் சேர்த்து முன்பதிவு செய்தான். பேரப்பிள்ளைகளோடு எட்டு டிக்கெட்.

அங்கே ஒரு சிக்கல். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க அனுமதி கிடையாது, நைலான் உடைதான். சேலையா, பேச்சே இல்லை. அம்மா அந்த உடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் பையைப் பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய அப்பா, புது நைலான் கால்சட்டையில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குளத்தில் இறங்கினார். முதல் அலைக்கே மூக்குக் கண்ணாடி போய்விட்டது. அதைத் தேடுவதற்காக அரை மணி நேரம் தண்ணீரிலேயே நின்றார். கிடைத்தபிறகும் வெளியே வரவில்லை.