லீவு விட்டா களத்துக்கு!

நமக்கு செமஸ்டர் லீவு விட்டா இன்ப்ளான்ட் டிரெய்னிங். சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்தா மேட்டர் ஓவர். சாமியார் ஆகப் படிக்கிற கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கும் அப்படி ஒண்ணு உண்டு, தெரியுமா? படிக்கும்போதும் சரி, லீவிலும் சரி, அவர்கள் மக்களோடு களப்பணி செய்து பழக வேண்டும் என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. தத்துவம் முடித்து, இறையியல் தொடங்கும் முன் ஒரு வருஷம் பங்கிலோ பள்ளியிலோ தங்கி வேலை செய்வதும் நம்ம பக்கம் வழக்கம்.

அந்தக் 'களம்' எப்படி இருக்கும்னு பார்க்க கடலூருக்கு பஸ் ஏறினேன்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச். ஞாயிற்றுக்கிழமை சுண்டல், பலூன்னு களைகட்டுது. 2004 டிசம்பர் 26-ம் ஞாயிறுதான். அன்றைய சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015-ல் வெள்ளம். சமூகப்பணி படிக்க இதைவிடப் பெரிய லேப் எங்கே இருக்கு?

அரிசி மூட்டை இறக்குறது ஈஸி. படகுக்காரருக்கு நிவாரணம் சரி, அந்தப் படகில் கூலிக்குப் போனவருக்கு? கூடையில் மீன் விற்ற அக்காவுக்கு? புது வீட்டுப் பட்டா யார் பேரில்? இதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு, தாலுகா ஆபீஸ் வரை கூட நடக்கப் பழகுவதுதான் பயிற்சி.

அதைவிடக் கஷ்டமான பேப்பர் ஒண்ணு இருக்கு. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் பலி. இரண்டு பக்கமும் ஒரே மதம், ஒரே ஜெபம்! திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்பதை 2016-ல் இந்திய ஆயர் பேரவையும் ஒப்புக்கொண்டது. புயலை வெளியாள் மாதிரி நின்று சமாளிக்கலாம். இதில் குருமாணவரும் ஏதோ ஒரு தெருவிலிருந்து வந்தவர்தானே?

யோசித்துக்கொண்டே சிதம்பரத்தில் இறங்கினேன். தில்லை நடராஜரைப் பார்க்க ஏங்கிய நந்தனாரின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரிலேயே 1916-ல் இங்கே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக் கழகம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். காவி கட்டிய துறவிதான். ஆனாலும் 'ஆண்டவன் பார்த்துப்பார்'னு உட்காரவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார். அங்கி போடப்போகிற தம்பிகள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டிய இடம்.

குருமடத்தில் பேராசிரியர் மார்க் போடுவார். ஊரும் மார்க் போடும். புது பங்குச்சாமி முதல் வாரம் எந்தத் தெருவுக்குப் போறார், யார் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கிறார்? அதைப் பார்த்துத்தான் பாஸா, ஃபெயிலா!