மாமா ஜோகூரில் இருக்கிறார்

உயர்நிலை நான்கில் எங்களுக்கு ஆங்கில இலக்கியப் பாடமாக வந்த நாடகம் ஹரேஷ் சர்மாவின் ‘ஆஃப் சென்டர்’. புத்தகம் கைக்கு வந்த அன்று வகுப்பில் ஒரே சிரிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு ஷேக்ஸ்பியரோடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். இதிலோ பாத்திரங்கள் காப்பிக்கடையில் பேசுவதுபோல் சிங்லிஷ் பேசினார்கள். “இதெல்லாம் ஒரு இலக்கியமா?” என்று கேட்டான் பக்கத்து மேசைப் பையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடகத்தின் நாயகன் பெயர் வினோத். நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளை. அவனுக்கு மனநோய்.

வினோத்தும் சலோமா என்ற மலாய்ப் பெண்ணும்தான் நாடகத்தின் மையம். வினோத் கெட்டிக்கார மாணவன். இருவரும் மனநல சிகிச்சை பெற்றவர்கள். வேலை, நட்பு என்று வாழ்க்கையை மறுபடி தொடங்கப் பார்க்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் விடுவதில்லை. வினோத் சில இடங்களில் பார்வையாளர்களை நேராகப் பார்த்தே பேசுவான். முடிவில் அவன் உயிரோடு இல்லை.

இந்த நாடகத்துக்கு முதலில் ஆதரவளிக்க முன்வந்தது சுகாதார அமைச்சு. பிரதியைப் பார்த்தபின் நிதியுதவியை விலக்கிக்கொண்டது. ‘தி நெசசரி ஸ்டேஜ்’ குழு மனந்தளராமல் 1993ல் மேடையேற்றியது. பிறகு அதே நாடகத்தைக் கல்வி அமைச்சு பாடநூலாக்கியது. இதைச் சொன்ன எங்கள் ஆசிரியர், “ஏன் பயந்திருப்பார்கள்?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. தேர்வில் வராத கேள்விக்கு எங்கள் வகுப்பில் பதில் கிடைப்பது அரிது.

தேர்வில் வரும் கேள்விக்கு முறை வைத்திருந்தோம். ஒரு காட்சியைக் கொடுத்து, இது உன்னை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்பார்கள். கருத்து, சான்று, விளக்கம், பிறகு கேள்வியோடு ஒரு முடிச்சு. நான்கும் இருந்தால் ஒரு பத்தி. நான் அதில் தேர்ந்துவிட்டேன். ‘சமூகம் ஒதுக்குகிறது’, ‘குடும்பமே வெட்கப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் அழகழகான வாக்கியங்கள் வைத்திருந்தேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. தேசிய சேவையின்போது நோய் தொடங்கியதாம். பாட்டி முதலில் செய்வினை என்றார். கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். பல மாதம் கழித்துத்தான் உட்பிரிட்ஜ் மருத்துவமனை. பிறகு மனநலக் கழகம் என்று பெயர் மாறி, இடம் புவாங்கோக்குக்கு மாறியது. மாமாவும் போவதும் வருவதுமாக இருந்தார். உறவினர் கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: “அவன் ஜோகூர்ல வேலை பார்க்கிறான்.” அந்த வேலை என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பாட்டி ஒருமுறை கிடங்கு என்றார், ஒருமுறை தொழிற்சாலை என்றார். என் அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் மாமா மேலாளராகப் பதவி உயர்வு பெற்றார்!

முன்னோட்டத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு நாள். புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில் தோழிகளோடு படித்துக்கொண்டிருந்தேன். மேசை மீது அதே புத்தகம். மின்தூக்கிப் பக்கமிருந்து மாமா வந்தார். வீட்டுக்கு விட்டிருந்தார்கள். மருந்தின் விளைவால் கொஞ்சம் கால் இழுத்து நடப்பார். கை லேசாக நடுங்கும். கையில் எனக்காக ஒரு பொட்டலம் கறிபஃப். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் நிமிரவில்லை. தோழி ஒருத்தி, “யாரு அது, உன்னையா கூப்பிடுறாரு?” என்றாள். “தெரியல” என்றேன்.

மாமா சிறிது நேரம் நின்றார். பொட்டலத்தைப் பக்கத்துக் கல்நாற்காலியில் வைத்துவிட்டு மின்தூக்கிக்குத் திரும்பிப் போனார். வீட்டில் அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, “பரீட்சை எப்போ?” என்று மட்டும் கேட்டார்.

அந்த முன்னோட்டத் தேர்வில், சலோமாவை மற்றவர்கள் நடத்தும் விதம் பற்றி எழுதிய என் கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். மனிதநேயமுள்ள கட்டுரை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் காது சுட்டது. பிறகு சாதாரண நிலைத் தேர்விலும் இலக்கியத்தில் நல்ல தேர்ச்சி. அந்தச் சான்றிதழைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது கறிபஃப் வாசனைதான்.

சுமார் பத்தாண்டு கழித்து, 2019ல் நாடகம் மீண்டும் மேடையேறியது. அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். என்ன கதை என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அது கொஞ்சம் கோழைத்தனம்தான். படித்தபோது நான் கோடிட்டு வைத்த வரிகளெல்லாம் மேடையில் வேறு மாதிரி இருந்தன. வினோத் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசியபோது என்னால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, அவனைப் பார்க்கவும் முடியவில்லை. அம்மா கைப்பையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

திரும்பும்போது எம்ஆர்டியில் நான்கைந்து நிலையம் வரை பேச்சில்லை. பிறகு அம்மாவே தொடங்கினார்.

“முதல் தடவை சேர்த்தப்போ கையெழுத்துப் போட்டது நான்தான். பாட்டி வெளியிலேயே உட்கார்ந்துட்டாங்க. உள்ளே போகும்போது அவன் என்னைப் பார்த்து, ‘அக்கா, யார்கிட்டயும் சொல்லாதே’ன்னான். அதான் சொல்லல.”

நான் கீழ்த்தளத்தில் நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அவனுக்கு ஞாபகம் இருக்கும். அவன் எதையும் மறக்க மாட்டான்” என்றார்.

மறுநாள் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தொலைக்காட்சியில் கண் வைத்தபடி, “அந்தக் கறிபஃப்பைச் சாப்பிட்டியா இல்லையா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். உண்மையில் தோழிகள்தான் சாப்பிட்டார்கள்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு, விருந்தினர் போகும்வரை மாமா அறைக்குள் இருக்கும் வழக்கத்தை அம்மா நிறுத்தினார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவரும் வரவேற்பறையில் உட்கார்ந்தார். தூரத்து உறவுப் பெரியப்பா ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “என்னப்பா, ஜோகூர் வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“ஜோகூரா?” என்றார் மாமா. “நான் புவாங்கோக்ல இல்ல இருந்தேன்.”

பெரியப்பா கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். பிறகு, “அங்கே சாப்பாடு பரவாயில்லையா?” என்று கேட்டார். மாமா அதற்கு விரிவாகவே பதில் சொன்னார். குறிப்பாக, காலைச் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு நிறைய மனக்குறை இருந்தது.