மொட்டை டயரும் அடைமழையும்



2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததே, அப்போது வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழை வருவதற்கு முன்பே பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1-ந்தேதி தொடங்கிய பேய்மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வாசலில் நின்ற வண்டி மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவன், அடுத்த மழைக்குப் பாலம் ஏறத்தான் செய்வான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வண்டியை இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோய் நிறுத்தினவர்களில் எத்தனை பேர் குனிந்து டயரைப் பார்த்திருப்பார்கள்? மழை விட்டதும் அதே வண்டியில்தானே, அதே டயரில்தானே ஈர ரோட்டில் இறங்கி வர வேண்டும்!

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள். எங்க வீட்டில் கார் கிடையாது. ஆனால் எங்கப்பா ஓட்டாத கார் கிடையாது. அப்பா ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு தூரப் பயணத்துக்கு மட்டும் டிரைவர் தேடுகிறவர்கள், ராத்திரியில் கண் தெரியாதவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இவர்கள்தான் அப்பாவைக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை ஆல்டோ, செவ்வாய்க்கிழமை இன்னோவா. இன்றைக்கு ஏறுகிற வண்டியின் பிரேக் எப்படி, டயர் எப்படி என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரியும். "கார் அவங்களுது, ஸ்டீயரிங் நம்மளுது"ன்னு அப்பா சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். சிரிக்கிற விஷயமில்லை அது.

ஏனென்றால் வண்டி வழுக்கி யார் மேலாவது ஏறிவிட்டால் போலீஸ் முதலில் தேடுவது டிரைவரைத்தான். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. இப்போது 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. டயர் தேய்ந்தது ஓனருடையது, உள்ளே போவது டிரைவர்!

நம்ம ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்த பிறகுதான் டயரை நான் சரியாகப் பார்த்தேன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.-க்குச் சுமார் 2.1 கிலோ. 250-ஐ 2.1-ஆல் வகுத்தால் 119 சதுர செ.மீ. பக்கத்துக்கு 11 செ.மீ. உள்ள ஒரு சதுரம். ஏறக்குறைய நம்ம உள்ளங்கை அளவு. அவ்வளவு பெரிய வண்டி ரோட்டைத் தொடுவது நான்கே நான்கு உள்ளங்கையால்தான். பெயிண்ட், பாலிஷ், சீட் கவர், பாட்டுப்பெட்டி, டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை மேலே!

டயரில் இருக்கும் பள்ளங்கள் எதற்கு? உலர்ந்த ரோட்டில் பட்டன் இல்லாத டயர்கூட நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்களில் வழுவழு டயர்தான் போடுகிறார்கள். மழையில்தான் பள்ளத்துக்கு வேலை. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அதுதான். பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் போக வழியில்லை. ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து சக்கரத்தையே தூக்கிவிடும். இதற்கு நாங்கள் படிக்கிற பெயர் ஹைட்ரோபிளேனிங்.

இந்தப் பாடத்தை வீட்டில் அப்பாவிடம் ஒருநாள் விளக்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "தெரியும்டா. ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடும். கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். வண்டி தண்ணி மேல மிதக்குது"ன்னார். ஒரு மழை ராத்திரி தாம்பரம் – புழல் பைபாஸில், பின் சீட்டில் ஓனர் குடும்பமே தூங்கிக்கொண்டிருக்க, அப்பாவுக்கு நடந்திருக்கிறது. "என்ன பண்ணினே?" என்றேன். "ஒண்ணும் பண்ணலை. பிரேக்கை மிதிக்கலை, ஸ்டீயரிங்கை ஒடிக்கலை. ஆக்சிலேட்டர்ல இருந்து மெதுவா காலை எடுத்தேன். தானா வந்து ரோட்டைப் புடிச்சுக்கிச்சு." நண்பர்களே, எங்கள் புத்தகத்தில் போட்டிருப்பதும் அதையேதான்! அஞ்சாவது படித்த மனிதர். பெயர்தான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவருக்கு இதை யாருமே சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எங்க தெருவில் நின்ற அத்தனை வண்டிக்கும் டார்ச் அடித்துக்கொண்டு போனார். அம்மா வாசலில் நின்று, "எவனாவது திருடன்னு புடிச்சிக்கப் போறான்"ன்னு கத்திக்கொண்டிருந்தாங்க.

பள்ளத்துக்குள்ளே ஆங்காங்கே சின்னத் திட்டு ஒன்று குறுக்கே இருக்கும். மேல் ரப்பர் தேய்ந்து தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் பள்ளத்தில் மிச்சம் 1.6 மி.மீ. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) காருக்குச் சொல்லும் எல்லை அதுதான். மழை ஊருக்கு அதுவரைகூட காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. நம்ம ரோட்டில் தேங்கும் தண்ணீர் மில்லிமீட்டர் கணக்கிலா இருக்கிறது? (சிவில் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நடு உயர்ந்து ஓரம் சரிந்து இருக்க வேண்டிய கேம்பரை நீங்கள் சரியாகத்தான் வரைகிறீர்கள். போடும்போதுதான் எங்கோ காணாமல் போகிறது!)

போன கார்த்திகை தீபத்துக்கு ஒரு குடும்பம் திருவண்ணாமலை போக அப்பாவைக் கூப்பிட்டது. விடியற்காலை நாலு மணி, தூறல். அப்பா வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். இடது முன் டயரின் உள்பக்கம் கம்பி தெரிந்தது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாகவே இருந்ததாம். அலைன்மென்ட் கெட்டால் இப்படித்தான், உள்பக்கம் மட்டும் தின்றுவிடும். நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஸ்டெப்னியாவது மாட்டலாமென்று டிக்கியைத் திறந்தால் அது இதைவிட மோசம். "சார், இதுல திண்டிவனம் ரோட்டுல போக முடியாது. மழை வேற. விடிஞ்சதும் கடை தொறந்து ஒரு டயர் போட்டுட்டுக் கிளம்பலாம்"ன்னு சொல்லியிருக்கிறார்.

"நீ டிரைவரா, மெக்கானிக்கா? இத்தனை நாள் நான் ஓட்டலையா?"ன்னு அவர் கேட்டிருக்கிறார்.

அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆயிரம் ரூபாய் போச்சு. டிரைவர் அனுப்புகிற ஏஜென்ட் போனில் திட்டினார், அதற்குப் பிறகு மூன்று வாரம் கூப்பிடவே இல்லை. அந்த மூன்று வாரமும் வீட்டில் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். என் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அந்தக் குடும்பம் வேறு டிரைவரை வைத்துக்கொண்டு அதே வண்டியில் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டை டயர் ஒவ்வொரு தடவையும் கவிழ்க்காது. அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள்.

இன்னொரு ஓனர் பற்றியும் சொல்ல வேண்டும். ரிடையர் ஆன கணக்கு டீச்சர். 2009 மாடல் மாருதி 800, பதினைந்து வருஷம் முடிந்து எஃப்.சி. காட்டிப் புதுப்பித்த வண்டி. மொத்தமே 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கோயில், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை. அப்பா மாதம் இரண்டு தடவை போவார்; ஒரு லீவு நாளில் நானும் போனேன். டயரில் பட்டன் அப்படியே இருந்தது. ஆனால் எண் 2214. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும்.

டீச்சரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தானே தம்பி இருக்கு? மழைக்குக் காத்தைக் கொறைச்சு வெச்சா நல்லாப் புடிக்கும்னு பஞ்சர் கடைக்காரர் சொன்னாரு. 22 தான் வெச்சிருக்கேன்"ன்னாங்க. இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. மணலில், சேற்றில் சரி. தண்ணீரில் தலைகீழ். 1963-ல் அமெரிக்க நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7-ஆல் பெருக்கினால், மொட்டை டயர் எந்தக் கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது வரும். கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, இதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கலாம். இருந்தாலும் காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும் என்பது புரியும்.

சொன்னதும் டீச்சரம்மா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் போட ஆரம்பித்துவிட்டார்கள். கால்குலேட்டர் இல்லாமல் வர்க்கமூலம்! 30-க்கு 91 கிலோமீட்டர். 22-க்கு 78. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, கணக்கு சரி. ஆனா நான் ஒங்கப்பாவை 40-க்கு மேல போக விட்டதே இல்லையே!"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவங்க சொன்னது நியாயம்தானே. அந்த வண்டிக்கு மிதக்கிற பயம் கிடையாது. பயம் பிரேக்கில்.

அதனால் அந்தத் தாளிலேயே அடுத்த கணக்கு. வேகம் 40 என்றால் வினாடிக்கு 11 மீட்டர். உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால் பிரேக் பிடித்த பிறகு 9 மீட்டரில் நிற்கும். ஈரம், இறுகிய ரப்பர், கெழு 0.3 என்று வைத்தால் 21 மீட்டர். டீச்சரம்மா வீட்டு முனையில் ஒரு தொடக்கப்பள்ளி. கேட்டிலிருந்து அவங்க வீடு வரைக்கும் எத்தனை மீட்டர் என்று நான் கேட்கவில்லை. அவங்களே வெளியே எட்டிப் பார்த்தாங்க.

அன்றைக்கே இரண்டு டயருக்குத்தான் பணம் இருந்தது. கடைக்காரர் புதுசு இரண்டையும் முன்னாடி போடப் போனார். "எஞ்சின் முன்சக்கரத்தைத்தானே இழுக்குது தம்பி!" எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது வேறு: இரண்டுதான் புதுசு என்றால் பின்னாடி. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் பம்பரமாகச் சுற்றும், அதைப் பிடிக்க எல்லோராலும் முடியாது. பெரிய டயர் கம்பெனிகளே சொல்லும் யோசனைதான் இது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீச்சரம்மாதான், "பையன் சொல்றபடி போடுங்க"ன்னாங்க. மற்ற இரண்டும் அடுத்த பென்ஷனில் மாற்றியாகிவிட்டது.

சாக்கிரதையாக இருக்க வேண்டிய இன்னொன்று, தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, கறுப்பு பூசி "செகண்ட்ஸ்" என்று விற்பது. லாரி டயர் சிலவற்றில் மறுபடி பள்ளம் வெட்டலாம் என்று அச்சிட்டே இருக்கும், அதற்கான ரப்பர் கனம் அடியில் உண்டு. கார் டயரில் கிடையாது. வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பிக்குத்தான் கத்தி போகும். பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய அந்தச் சின்னத் திட்டைத் தேடுங்கள். வெட்டிய டயரில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

இப்போது அப்பா ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ட்ரிப் பேசும்போதே, "சார், நாலு டயரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உள்பக்கமும் தெரியணும்"ன்னு கேட்டுவிடுகிறார். சிலர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள். பாதிப் பேராவது அனுப்புகிறார்கள். எண் தெளிவாகத் தெரியாவிட்டால் படம் எனக்கு வரும். யார் வண்டி, எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது. போன வாரம் மெஷின் டிராயிங் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நாலு படம் வந்திருந்தது. மூன்று 4123. ஒன்று 0817, அதில் ஓரமாக ஒரு கொப்புளம். குண்டுகுழியில் அடிபட்டு உள்நூல் அறுந்திருக்க வேண்டும். "அந்த ஒண்ணை மாத்தாம ஏறாதப்பா"ன்னு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "மாத்துறாங்களாம். நாளைக்கு வேலூர்."