மெம்ஃபிஸுக்கு வராத வாத்துகள்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் மெம்ஃபிஸில் அலுவலகப் பேச்சே மாறிவிடும். கால்பந்து, தேர்தல், வீட்டுக்கடன் வட்டி எல்லாம் பின்னுக்குப் போய், "வாத்து இறங்கியாச்சா?" என்பதே முதல் விசாரிப்பாக இருக்கும். மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆர்கன்சா மாநிலம். அங்கே ஜனவரி முடிவதற்குள் அறுபது நாள் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு. அதற்கென்றே விடுப்பை வருடம் முழுக்கச் சேமித்து வைப்பவர்கள் என் பிரிவில் பலர் இருக்கிறார்கள்.

சில வருடங்களாக அந்த விசாரிப்புக்குக் கிடைக்கும் பதிலில் சலிப்புதான் மிஞ்சுகிறது. "மூணு விடியலா தண்ணியில நின்னேன். தலைக்கு மேல ரெண்டு கூட்டம்தான் போச்சு, ஒண்ணும் இறங்கல" என்றார் என்னோடு வேலை செய்யும் ஒருவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் ஒரே காட்டில் வேட்டையாடி வருகிறது. மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தச் சலிப்பு பழகியதுதான். ஜூன் மாதம் மேட்டூர் திறக்கவில்லை என்றால் எங்கள் ஊர்த் திண்ணைகளில் இதே குரலைக் கேட்கலாம். எங்கோ தொலைவில் நடப்பதை நம்பி வாழ்கிறவர்களின் குரல் அது.

இந்த ஊருக்கும் வாத்துக்கும் உள்ள உறவு பழையது. இங்கிருக்கும் பீபாடி ஹோட்டலின் நீரூற்றில் 1930களிலிருந்து வாத்துகள் நீந்துகின்றன. ஆர்கன்சா வேட்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்து விட்ட வாத்துகளில் தொடங்கிய வழக்கம். வாத்துகளின் வாழிடத்தைக் காக்க 1937-இல் வேட்டைக்காரர்கள் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பின் தலைமையகமும் இங்கேதான். ஆற்றுக்கு அப்பால், அமெரிக்க அரிசியில் ஏறக்குறைய பாதியை விளைவிக்கும் சமவெளியில் ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அரிசிக்கும் வாத்துக்கும் தானே உலகத் தலைநகர் என்று அது சொல்லிக்கொள்கிறது. வாத்துபோல ஊதலில் குரல் கொடுக்கும் உலகப் போட்டி 1936 முதல் அங்கே நடக்கிறது. மல்லார்ட் எனப்படும் பச்சைத் தலை வாத்துதான் இந்தப் பகுதிக்கு உயிர்நாடி.

வாத்து ஏன் வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மிசௌரிக்காரர்கள் சோளத்தை அறுக்காமல் தண்ணீர் கட்டி, வாத்துகளை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பார் ஒருவர். அரசு தரும் எண்ணிக்கையே பொய் என்பார் இன்னொருவர். சரணாலயங்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன என்பதும் உண்டு. இவர்களோடு பழகி, கிடைத்ததையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: வாத்துகள் குறைந்திருப்பது உண்மை, இருக்கும் வாத்துகளும் பழைய இடத்துக்குப் பழைய நேரத்தில் வராததும் உண்மை. இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆனால் இரண்டையும் தொடர்ந்து போனால் மனிதர்கள் நிலத்தையும் நீரையும் கையாளும் விதத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். 1955 முதல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஒவ்வொரு மே மாதமும் சிறு விமானங்களைத் தாழப் பறக்கவிட்டு, கூடு கட்ட வந்த வாத்துகளை எண்ணுகின்றன. கொரோனா காலத்தில், 2020-இலும் 2021-இலும் மட்டும் அந்தப் பணி நடக்கவில்லை. 2015-இல் மொத்தம் 4 கோடியே 95 லட்சம் வாத்துகள். அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். 2025-இல் 3 கோடியே 40 லட்சம். மல்லார்ட் மட்டும் 2016-இல் 1 கோடியே 18 லட்சம் இருந்தது. 2023-இல் 61 லட்சமாகச் சரிந்து, 2025-இல் 66 லட்சத்தில் நிற்கிறது. ஊசிவால் வாத்தின் நிலை இன்னும் மோசம். 1950களின் நடுவில் ஒரு கோடியை ஒட்டி இருந்தது, இன்று இருபது லட்சத்தைச் சுற்றித்தான். கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவாலும் இதே இனம்தான். வேறு கண்டத்தில், வேறு வலசைப் பாதையில் பறப்பது.

இந்தச் சரிவு தொடங்கும் இடம் மெம்ஃபிஸிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வடக்கு, தெற்கு டக்கோட்டா மாநிலங்களிலும், எல்லை தாண்டி கனடாவின் சஸ்காச்சுவான், மானிடோபா, ஆல்பர்ட்டா மாகாணங்களிலும் பரந்து கிடக்கும் புல்வெளி அது. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது அங்கே லட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் விழுந்தன. பனி உருகும் ஏப்ரலில் அவை குட்டைகளாக நிரம்பும். பல குட்டைகள் ஜூலைக்குள் வற்றிவிடும். வற்றிவிடுவதால் அவற்றுக்கு மதிப்பில்லை என்று உழவர்களுக்குத் தோன்றியது. ஆழமில்லாத அந்தத் தண்ணீர்தான் முதலில் வெதுவெதுப்பாகிறது, பூச்சிகளும் நத்தைகளும் அதில்தான் முதலில் பெருகுகின்றன. முட்டையிடப் போகும் பெட்டைக்கு அந்தச் சத்து தேவை. குட்டையில் தின்றுவிட்டு, சுற்றியுள்ள உயர்ந்த புல்லுக்குள் கூடு கட்டும். குட்டை இருந்து புல் இல்லையென்றால் நரியும் ரக்கூனும் கூட்டை எளிதாகக் கண்டுபிடிக்கும். புல் இருந்து குட்டை இல்லையென்றால் பெட்டை அங்கே இறங்கவே இறங்காது. வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் பிறப்பது இந்தக் குட்டை நாட்டில்தான்.

1985-இல் வந்த ஒரு விவசாயச் சட்டம், உழாமல் புல்லாக விட்ட நிலத்துக்கு உழவர்களுக்கு வாடகை கொடுத்தது. 2007-இல் அப்படி விடப்பட்டிருந்த நிலம் நாடு முழுக்க 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். அதே சமயத்தில் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் ஏருக்குத் திரும்பின. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் அந்தத் திட்டத்திலிருந்து கழன்றது. ஊசிவால் வாத்துக்கு இதில் இரட்டை அடி. அது புல்லை விட அறுவடையான தாள் வயலில் கூடு கட்டும் பழக்கமுள்ளது. வசந்தத்தில் டிராக்டர் இறங்கும்போது முட்டைகளோடு கூடு மண்ணுக்குள் போய்விடும்.

இதற்கு மேல் 2021-இல் அந்தப் புல்வெளியைக் கடும் வறட்சி தாக்கியது. வறட்சி அங்கே புதிதல்ல. மழை திரும்பினால் வாத்தும் திரும்பும், முன்பெல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆனால் வடிகால் வெட்டி, குழாய் பதித்து, சமப்படுத்திவிட்ட குட்டைக்கு மழை வந்து என்ன பயன்? 2009-க்கும் 2019-க்கும் இடையில் தாவரம் அடர்ந்த ஈரநிலங்களில் மட்டும் 6 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கரை நாடு இழந்ததாக அரசின் அறிக்கையே சொல்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஆறு ஏரிகளோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு இல்லாத ஈரநிலங்களைத் தூய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. தனித்தனியாகக் கிடப்பதே அந்தக் குட்டைகளின் இயல்பு. ஈரநிலத்தை வடித்துப் பயிர் வைத்தால் விவசாய மானியம் கிடையாது என்ற நிபந்தனைதான் இப்போது அவற்றில் பலவற்றுக்கு எஞ்சியிருக்கும் காப்பு.

பிறந்து, பிழைத்து, தெற்கே கிளம்பும் வாத்துகள் எல்லாமும் ஆர்கன்சா வரை வந்து சேர்வதில்லை. மல்லார்ட் முரட்டுப் பறவை. தண்ணீர் உறைந்து, தீனியைப் பனி மூடும் வரை வடக்கே தாக்குப்பிடிக்கும். குளிர்காலம் மிதமாகிவிட்டதால் அந்த உறைபனி தாமதமாக வருகிறது, சில வருடம் வருவதே இல்லை. சோளச் சாகுபடியும் வடக்கு நோக்கி விரிந்து, அங்கேயே தீனி கிடைக்கிறது. மிசௌரிக்காரர்களைக் குறை சொல்லும் நண்பருக்கு நான் சொல்வது இதைத்தான்: வாத்தை யாரும் கட்டிப்போடவில்லை, அதைக் கீழே தள்ளிவிட வேண்டிய குளிர் வருவதில்லை.

வந்து சேரும் வாத்துக்கும் பழைய விருந்து இல்லை. இதை நான் ஆர்கன்சா வயல்களில் நின்று பார்த்தபோது யாரும் விளக்காமலே புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். "நாளைக்கே ஓட்டிக்கிட்டு வந்துடுங்க, ஒரு மழை விழுந்தா நெல்லு முளைச்சுடும்" என்று அப்பா அவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். சிந்திய நெல்லுக்கு ஆயுள் சில நாட்கள்தான் என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். ஆர்கன்சாவில் குறுகிய கால நெல் ரகங்கள் வந்தபின் ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமே அறுவடை முடிந்துவிடுகிறது. மல்லார்ட் கூட்டம் வருவது டிசம்பரில். இடைப்பட்ட மாதங்களில் சிந்திய நெல் முளைத்தும், மக்கியும், எலிகளும் மற்றப் பறவைகளும் தின்றும் பெரும்பகுதி போய்விடுகிறது. இலையுதிர் காலத்திலேயே உழுதுவிடும் வயலில் ஒன்றுமே மிஞ்சாது. தாளை உழாமல் விட்டு, வரப்பை அடைத்துக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் வயலில்தான் இன்று வாத்து நிற்கிறது. தாள் மக்கி மண்ணுக்கு உரமாவது அவர்களுக்கும் லாபம்.

வயலை விட்டால் காடு. மிசௌரிக்காரர்களைக் குறை சொல்லும் அந்த நண்பரோடு ஒரு விடியலில் ஓக் மரக்காட்டுக்குள் போய் நின்றேன். துப்பாக்கி அவரிடம், நான் பார்வையாளன். இடுப்பளவு நீர், மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டு காலால் நீரை உதைத்து அலை எழுப்புவார். மேலே போகும் கூட்டத்துக்குக் கீழே வாத்துகள் மேய்வதாகத் தெரிய வேண்டும். கிளைகளின் இடைவெளியில் மல்லார்ட்டுகள் சிறகை மடித்து இறங்கிய அந்த நொடி, நான் வேட்டையே ஆடாதவனாக இருந்தும், உடம்பைச் சிலிர்க்க வைத்தது. பிறகு வண்டியின் பின்கதவில் வைத்து ஒரு பறவையின் இரைப்பையை அறுத்துக் காட்டினார். உடையாத ஓக் கொட்டைகள் ஆறேழு, பளபளவென்று. கூடவே சில நெல்மணிகள், நத்தை ஓட்டுத் துண்டு. "இந்த மரங்க போயிட்டா இதுவும் போச்சு" என்றார்.

மரங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வேட்டைக்காகவே பல பத்தாண்டுகளாக அந்தக் காடுகளில் இலையுதிர் காலத்திலேயே மடையை அடைத்து நீரைத் தேக்கினார்கள். இலை உதிர்ந்து மரம் உறங்கும் முன்பே வேரை நீர் மூடினால், வருடாவருடம் அது பலவீனமாகும். நல்ல கொட்டை தரும் சிவப்பு ஓக் வகைகள் பட்டுப்போய், வாத்துக்கு உதவாத பெரிய கொட்டை காய்க்கும், நீரைத் தாங்கும் வகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. பயூ மீட்டோ போன்ற புகழ்பெற்ற பொதுக் காடுகளில் தேக்கும் தேதியை மாநில ஆணையம் தள்ளிவைத்தபோது வேட்டைக்காரர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் ஒரு சீசனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் பேரன் காலத்தில் காடு இருக்கும்.

தொந்தரவும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரப் படகுகளின் இரைச்சலும் விடியல் முதல் வெடிச் சத்தமும் தொடரும் இடத்தை வாத்து வேகமாகக் கற்றுக்கொள்கிறது. டென்னசியில் மல்லார்ட்டுகளின் முதுகில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள், அவை பகலில் சரணாலயத்துக்குள் ஒதுங்கி இருட்டிய பிறகு மேயப் போவதைக் கண்டார்கள். சரணாலயங்களைக் குறை சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த ஒதுங்கிடமும் இல்லையென்றால் அவை அந்த வட்டாரத்தையே விட்டுப் போய்விடக்கூடும்.

வேட்டைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. உயிர்க்கொலை கூடாது என்று வளர்ந்த எனக்கு, இந்த நாட்டில் வாத்துகளுக்காக அதிகம் பணம் கட்டியவர்கள் அவற்றைச் சுடுகிறவர்கள்தான் என்பதை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. 1930களில் புழுதிப் புயலும் வறட்சியும் வாத்துகளைத் துடைத்துப்போட்டபோது, 1934-இல் வாத்து முத்திரைச் சட்டம் வந்தது. முதல் முத்திரையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற பத்திரிகை கேலிச்சித்திரக்காரர். அதன் விலை அன்று ஒரு டாலர், இன்று 25 டாலர். பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் அதை வாங்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு டாலரிலும் 98 காசு நிலம் வாங்கவும் பாதுகாக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஈயக் குண்டு தின்று வாத்துகள் செத்ததால் 1991-இல் நாடு முழுக்க அது தடை செய்யப்பட்டபோதும், விலை கூடிய எஃகுக் குண்டுக்கு மாறினார்கள்.

இப்போது வேட்டைக்காரர்களே குறைந்து வருகிறார்கள். 1970களில் இருபது லட்சத்தை ஒட்டி இருந்தவர்கள், இன்று ஏறக்குறைய பாதி. வாத்து வராத வானத்தைப் பார்க்க இளையவர்கள் விடியலில் எழுவதில்லை. அவர்கள் விலகினால் முத்திரைப் பணம் குறையும், பணம் குறைந்தால் குட்டைகள் போகும், குட்டைகள் போனால் வாத்து இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைக்க வேட்டையாடாதவர்களின் பணமும் குரலும் வேண்டும்.

மெம்ஃபிஸைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களிடம் இதைத்தான் கேட்கிறேன். முத்திரை வாங்கத் துப்பாக்கி வேண்டாம். தபால் நிலையத்திலோ இணையத்திலோ யாரும் வாங்கலாம். நுழைவுக் கட்டணம் உள்ள தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்குள் அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். பாலம் தாண்டி அரைமணி நேரத்தில் வாப்பனோக்கா புகலிடம் இருக்கிறது, குழந்தைகளை அழைத்துப் போங்கள். வாக்குரிமை பெற்றவர்கள், விவசாயச் சட்டம் விவாதத்துக்கு வரும்போது, உழாத புல்லுக்கும் வடிக்காத குட்டைக்கும் உழவருக்குக் கிடைக்கும் தொகையைக் குறைக்காதீர்கள் என்று தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். வடக்கே ஒரு டக்கோட்டா உழவர் தன் வயலின் நடுவில் கிடக்கும் குட்டையை விட்டுவைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தத் தொகையை வைத்துத்தான். தொண்ணூறு ஆண்டுகளாக வேட்டைக்காரர்கள் மட்டும் சுமந்த பங்கில் ஒரு பகுதியை, இங்கேயே வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் நாமும் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.