தெருவுக்கு ஒரு நேரம்

ரேஷன் கடையில் எடை போடுவதும் பில் போடுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். டோக்கன் எழுதுவது அப்படி வராது. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுவதுதானே என்று தோன்றும். கொரோனா காலத்தில் எங்கள் தொழிலே அந்தத் துண்டுத் தாளில்தான் இருந்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை போகும் பக்கத்தில், ஒரு முழுநேரக் கடையும் ஒரு பகுதிநேரக் கடையும் என் பொறுப்பில் இருந்தன. 2020 மார்ச் 24 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தார். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல். ஏப்ரல் 2-ம் தேதி கொடுக்கத் தொடங்கிவிட்டோம். அத்தனை சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் பொங்கல். அந்த ஜனவரியில்தான் பொங்கல் பரிசோடு அதே 1,000 ரூபாயைக் கொடுத்து முடித்திருந்தோம். கட்டுப் பிரித்து எண்ணுவது, கையெழுத்து வாங்குவது, மீதியைத் திருப்பிக் கட்டுவது எல்லாம் கைப்பழக்கத்தில் இருந்தது. மத்திய அரசு பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 வீதம் மூன்று மாதம் போட்டது. நல்ல காரியம்தான், ஆனால் பஸ் ஓடாத நாளில் பேங்க் வரை போய் அதை எடுத்து வருவது வேறு பாடு.

கடலூர் மாவட்டத்துக்கு நிவாரணம் புதிதல்ல. 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 வெள்ளம் என்று பார்த்துவிட்டோம். அப்போதெல்லாம் வேலை ஒன்றுதான்: ஜனங்களை ஓரிடத்தில் சேர்ப்பது. பள்ளிக்கூடத்தில் தங்கவை, அண்டாவில் சோறு வடி, லாரி வந்ததும் வரிசையில் நிறுத்து. இந்த நோய் அதைத் தலைகீழாக்கியது. சேர்த்தே பழகியவர்கள் பிரிக்கப் பழக வேண்டியதாயிற்று.

கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். ஜனங்கள் வட்டத்துக்குள் செருப்பை விட்டு, பையை வைத்து, பை பறக்காமல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுப் புளியமரத்து நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்து கதை பேசினார்கள். செருப்புகள் மட்டும் மூன்றடி இடைவெளி காத்தன. ஏப்ரல் வெயிலில் யாரைக் குறை சொல்ல? வந்துவிட்ட கூட்டத்தை வட்டம் கலைக்காது. வருவதற்கு முன்பே, டோக்கனில்தான் கலைக்க வேண்டும்.

அட்டை எண் வரிசையில் டோக்கன் எழுதினால் கணக்குக்கு வசதி. ஆனால் எண்ணுக்கும் தெருவின் பிழைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அது சம்பா அறுத்த வயலில் உளுந்து பிடுங்குகிற பருவம். விடிவதற்குள் வயலில் இறங்குகிற பெண்களுக்கு ஒன்பது மணி டோக்கன் கொடுத்தால் அன்றைய கூலி போச்சு. அவர்களுக்குப் பதினொன்றுக்கு மேல். மீனவர் தெருவுக்குக் காலை நேரம்; ஊரடங்கோடு ஏப்ரல் 15-ல் தடைக்காலமும் சேர்ந்துகொள்ள, படகுகள் கரையில்தான் கிடந்தன. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள், ராகு காலம். பன்னிரண்டு மணிக்காரர்களோடு சேர்ந்து வந்து கூட்டத்தை இரண்டு பங்காக்குவார்கள். டோக்கனை வீட்டு வாசலில் கொடுத்தபோது ஓர் ஆயா கேட்டார்: "நோய் வராம இருக்கத்தானே நேரம் போட்டுக் குடுக்குற? அதைக் கொஞ்சம் நல்ல நேரமா பாத்துப் போட்டா என்னப்பா?" அடுத்த மாதம் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

முதல் நாள் யாருக்கு என்பதுதான் பெரிய அரசியல். குடோனிலிருந்து சரக்கு ஒரே லோடில் வராது. ஒவ்வொரு மாதமும் ஊர்த்தெருவிலேயே தொடங்கினால், "பருப்பு தீந்துபோச்சு, அப்புறம் வா" என்பதை ஒவ்வொரு மாதமும் காலனிக்காரர்கள்தான் கேட்பார்கள். யாரும் நினைத்துச் செய்ய வேண்டியதில்லை, டோக்கன் வரிசையே செய்துவிடும். மே மாதத்தைக் காலனியிலிருந்து தொடங்கினேன். இரண்டு பேர் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். ஜூனில் ஊர்த்தெரு. முறை வைத்துவிட்டால் பேச்சு தன்னால் அடங்குகிறது.

அந்த மே முதல் வாரத்தில் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து வேலையற்றுத் திரும்பியவர்களிடம் தொற்று கண்டு, மாவட்டத்தின் ஒருநாள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. தகரம் அடித்து அடைத்த தெருவுக்கு டோக்கன் கிடையாது, பொருள்தான் போகவேண்டும். வீட்டு வாரியாகக் கட்டி, பையில் அட்டை எண்ணை மார்க்கரால் எழுதி, தகரத்துக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தோம்.

2021 மே 7-ல் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் அரசு, ஏறத்தாழ 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தது. ஜூன் தவணையோடு 14 மளிகைப் பொருள். உத்தரவில் அது ஒரு பை. எங்களுக்குப் பதினான்கு எண்ணிக்கை. ரவையும் உப்பும் ஒரு கிலோ, புளி கால் கிலோ, கடுகும் சீரகமும் நூறு நூறு கிராம். கடுகுப் பாக்கெட் விட்டுப்போனால் தாளிக்கும்போதுதான் தெரியும், அப்புறம் யார் சொல்வது நிஜம்? அதனால் வாங்குகிறவர் கண்முன்னே பையைக் கவிழ்த்து எண்ணினோம். ஓர் அட்டைக்கு ஆகும் நேரம் கூடியது. மணிக்கு இத்தனை பேர் என்று டோக்கனில் போட்டதைக் குறைத்தோம்.

2020-ல் பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் சிலவற்றுக்கு அட்டையே இல்லை. அட்டை இல்லையென்றால் மெஷினில் பெயர் வராது. 1,000 ரூபாயும் இல்லை, டோக்கனும் இல்லை. பெயர் இருப்பவருக்கு நேரம் குறிக்க என்னால் முடியும், இல்லாதவர் பெயரைச் சேர்க்க முடியாது. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்கு அட்டை வந்தது. ஜூன் தவணைக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்கப் போனேன். சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்கள் அவர்கள்.

"தண்ணி வத்துற நேரத்துல வரமுடியாதுங்க சார்."

"அது எத்தனை மணிக்கு?"

"இன்னைக்கி ஒன்பது. நாளைக்கி பத்துகிட்ட ஆவும். நாளான்னைக்கி அதுக்கும் மேல."

டோக்கனில் நேரத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கடை மூடும்வரை எப்போதும் வரலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் அந்தக் கோடு எதற்கு என்று கேட்டார். ஏற்றவற்றக் கணக்கைச் சொன்னேன். "சரி, காரணத்தை ரிஜிஸ்டர்ல எழுதி வைங்க" என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.