வாலுக்கு நடக்கத் தெரிய வேண்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் என்ன வேஷம்? ஐந்து வயதுக்காரி யோசிப்பதே இல்லை. கடற்கன்னி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். கடையில் அந்த உடை பளபளக்கும் பையில் தயாராகத் தொங்குகிறது. ஆனாலும் சில வீடுகளில் அம்மாவோ பாட்டியோ தையல் மிஷினின் உறையைக் கழற்றுகிறார்கள். அந்த நிமிஷமே சிக்கல் தொடங்குகிறது. கடற்கன்னிக்குக் கால் கிடையாது. ஹாலோவீனோ காலால் கொண்டாடுகிற பண்டிகை.

அக்டோபர் 31 அன்று பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வேஷம் கட்டி, பையோ வாளியோ ஏந்தி, மிட்டாய் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இருந்த பழைய வழக்கம் இது. அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1947இல் அது நீங்கிய பிறகு மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளின் கூட்டம் நாடெங்கும் பெருகியது. வாசலுக்கு வாசல் மூன்று நான்கு படிகள். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஏழு அங்குல உயரம். இத்தனையும் ஏறி இறங்க வேண்டும், அதுவும் வாலோடு.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையில் கடற்கன்னிக்கு வந்த சோதனை இதற்கு நேர் எதிரானது. அவள் குரலை விலையாகக் கொடுத்து, வாலை விட்டுக் காலை வாங்கிக்கொண்டாள். எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் கத்திமேல் மிதித்ததுபோல் வலித்தது. ஐந்து வயதுக்காரி ஒரே ஒரு ராத்திரிக்குக் காலை மறைத்து வாலை வாங்குகிறாள். அவளுக்கு எந்த அடியும் வலிக்கக் கூடாது என்பதுதான் தைக்கிறவரின் கவலை. கோப்பன்ஹேகன் கடலோரத்தில் 1913 முதல் உட்கார்ந்திருக்கும் எட்வர்ட் எரிக்சனின் சிலையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். ஒண்ணேகால் மீட்டர் உயரமே உள்ள அந்தக் கடற்கன்னிக்கு ஒற்றை வால் இல்லை. இரண்டு கால்களாகப் பிரிந்து கீழே துடுப்பாக முடிகிறாள். காலும் வாலும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்று சிற்பி வழி காட்டியிருக்கிறார். தையல்காரரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. இடுப்பு, புட்டம், இடுப்பிலிருந்து தரைவரை நீளம். நீளத்தை ஷூ போட்டபடிதான் எடுக்க வேண்டும். வெறுங்காலில் எடுத்துவிட்டுக் கடைசி நாளில் முழிப்பவர்கள் உண்டு. முழங்கால் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிள்ளையை நேராக நிற்க வைத்து எடுத்தால் வால் அழகாக ஒடுங்கி வரும், அவளால் ஓரடி நகர முடியாது. ஒரு காலைப் படிமேல் தூக்கி வைக்கச் சொல்லி, இரண்டு முழங்காலையும் சேர்த்து டேப்பைச் சுற்ற வேண்டும். அதுதான் நிஜமான அளவு. பேட்டர்ன் வாங்காதவர்கள் பிள்ளையின் பழைய லெக்கிங்ஸை இரண்டாக மடித்துக் காகிதத்தின்மேல் வைத்து வரைந்துகொள்கிறார்கள். தொடையின் பாதிவரை உடம்போடு ஒட்டி வந்து, முழங்காலில் விரியத் தொடங்கி, பின்பக்கம் ஒரு திறப்பு விட்டு, அந்தத் திறப்பை வால்துடுப்பின் மடிப்புக்குள் ஒளித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

வெளியே தெரிகிற கடற்கன்னி துணியில் இருக்கிறாள். செதில் அச்சிட்ட ஸ்பான்டெக்ஸ் இன்று பல துணிக்கடைகளில் கிடைக்கிறது. இந்த நீளும் நூலிழையை டுபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கினார். அது வராத காலத்தில் வாலுக்குச் சாட்டினும் வெல்வெட்டும்தான் கதி. ஸ்பான்டெக்ஸ் நீளும், சுருங்கும், மிஷினில் வழுக்கும். சாதாரண ஊசி அதன் இழையைக் குத்திக் கிழிக்கும். நுனி உருண்ட ஊசியோ இழைகளை ஒதுக்கிவிட்டு நடுவே இறங்கும். நேர்த்தையல் போட்டால் பிள்ளை உட்கார்ந்த முதல் தடவையே நூல் படக்கென்று அறும். அதனால் வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல். மெயின் மாநிலத்தின் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண்மணி 1873இல் காப்புரிமை பெற்றது இந்தத் தையலைப் போடும் மிஷினுக்குத்தான். துணியை இழுத்துப் பிடித்துத் தைக்காமல் அது போகிற போக்கில் விட்டுவிடுவது நல்லது. இழுத்தால் ஓரம் கடலலைபோல் நெளியும். கடற்கன்னிக்கே ஆனாலும் அந்த அலை பார்க்க நன்றாயிராது.

சமிக்கி வைத்த துணி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். தையல் போகிற பாதையில் உள்ள சமிக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றாமல் மிஷினை ஓட்டினால் ஊசி ஒடியும். வெட்டும்போது திசையையும் கவனிக்க வேண்டும். மீனைத் தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் சொரசொர. துணியும் அப்படித்தான். முன்பாகம் ஒரு திசை, பின்பாகம் ஒரு திசை என்று வெட்டிவிட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, ஃபெல்ட் துணியில் அரைவட்டமாக நூற்றைம்பது செதில் வெட்டிக் கையால் வைத்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓடு வேய்வதுபோல் அடிவரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேல்வரிசை வந்து கீழ்வரிசையின் தையலை மறைத்துக்கொண்டே போகும். பச்சைக்கு நடுவே நீலம், நீலத்துக்கு நடுவே ஒரு கத்திரிப்பூ நிறம். பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி இரண்டு வரிசை என்று வைத்தால் ஒரு வாரம் ஓடிவிடும். கடையில் வாங்கும் எந்த வாலிலும் இந்த அழகு இல்லை. ஒவ்வொரு செதிலும் கொஞ்சம் கோணலாக இருப்பதால்தான் அது உயிருள்ள மீனின் உடம்புபோல் தெரிகிறது.

ஆண்டர்சன் கதையில் வேகமாகப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இளவரசிக்குப் பதினைந்து வயது நிறையும் நாளில், அவள் குலப்பெருமை தெரியட்டும் என்று பாட்டி அவள் வாலில் எட்டுச் சிப்பிகளைக் கவ்வ விடுகிறாள். வலிக்கிறது என்கிறாள் பெண். பெருமை வேண்டுமானால் பொறுத்துக்கொள் என்கிறாள் பாட்டி. வீட்டில் தைக்கிறவர்கள் அந்தப் பாட்டியின் கட்சியில் சேரக் கூடாது. சமிக்கியின் முதுகுப்பக்கம் இடுப்பை அறுக்கும். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்தே ஆக வேண்டும். யாருக்கும் தெரியாத அந்த லைனிங்கில்தான் பிள்ளை அழாமல் மாலை முழுவதும் நடப்பது இருக்கிறது.

கடற்கன்னி வாலைத் தானே தைத்துக்கொண்டவர்களில் பெரும்பெயர் எடுத்தவர் அனெட் கெல்லர்மன். 1886இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். சிறுவயதில் கால்கள் வலுவிழந்திருந்ததால் இரும்புச் சட்டம் மாட்டி நடந்த பிள்ளை. கால் பலப்படட்டும் என்று பெற்றோர் நீச்சலில் சேர்த்தார்கள். பதின்மூன்று வயதுக்குள் கால்கள் ஏறக்குறைய சரியாகிவிட்டன. அதற்குள் தண்ணீர் அவரை எடுத்துக்கொண்டது. 1911இல் வந்த ஒரு சினிமாவில் நீந்தக்கூடிய வாலோடு கடற்கன்னியாகவே நடித்தார். தன் கடற்கன்னி உடைகளைப் பெரும்பாலும் அவரே வடிவமைத்தார், சிலவற்றைத் தானே தைத்தும் கொண்டார். நடக்க முடியாத வேதனையை அறிந்த ஒருத்தி வாலை விரும்பி மாட்டிக்கொண்டாள் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. நடிகை எஸ்தர் வில்லியம்ஸ் கெல்லர்மனாக நடித்த படம் 1952இல் வந்தது. ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் 1947 முதல் பெண்கள் கடற்கன்னிகளாக நீருக்கடியில் ஆடிக்காட்டுகிறார்கள். காற்றுக்குழாயில் அவ்வப்போது மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். வீட்டில் தைத்த ஹாலோவீன் வாலோடு எந்தப் பிள்ளையையும் தண்ணீரில் இறங்க விடக் கூடாது.

தரையில் அதற்குள்ள ஆபத்து நெருப்பு. துடுப்புக்கு நெட் துணியும் ஆர்கன்சாவும் பொருத்தமாக இருக்கும். மெழுகுவத்தி ஏற்றிய பூசணிக்காய் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும். 1909 முதல் டென்னிசன் நிறுவனம் ஹாலோவீனுக்கென்று வெளியிட்ட சிறு புத்தகங்கள், கிரேப் காகிதத்தில் உடை செய்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தன. படங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் காகிதமும் தீயும் ஒரே படியில் நின்றதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. எளிதில் தீப்பற்றும் துணிகளுக்கு எதிராக அமெரிக்கா சட்டம் போட்டது 1953இல். இப்போதும் துணி வாங்கும்போது தீப்பற்றாத் தன்மை பற்றிய குறிப்பைப் படிப்பதும், துடுப்பைத் தரையிலிருந்து நாலு விரற்கடை தூக்கி முடிப்பதும் தைக்கிறவர் பொறுப்பு.

பிறகு குளிர். சினிமாவில் கடற்கன்னி வெறும் சிப்பி அணிந்து வரலாம். மினசோட்டாவில் அக்டோபர் கடைசியில் அது நடக்காது. 1991 ஹாலோவீன் நாளில் அங்கே பனி கொட்டத் தொடங்கி நவம்பர் 3 வரை நிற்கவில்லை. மினியாபொலிஸில் 28 அங்குலத்துக்கும் மேல், டுலூத்தில் 36 அங்குலத்துக்கும் மேல். பனிக்கோட்டுக்கு மேலேயே வேஷத்தை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் புறப்பட்ட கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே மேலுக்குத் தோல்நிறத்தில் முழுக்கைப் பனியன், அதன்மேல் ஃபெல்ட் சிப்பிகள். வாலுக்குள் கம்பளி லெக்கிங்ஸ். இடுப்பில் பட்டையான இலாஸ்டிக். கோட்டு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது ஈடுகொடுக்கும்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. நீண்ட கல்யாண கவுன்களில் தரையில் புரளும் பகுதியைத் தூக்கிக்கொள்ள ஒரு வளையம் வைப்பார்கள். அதேபோல் துடுப்பின் பின்பக்கம் ரிப்பனில் ஒரு வளையம், பிள்ளையின் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு. ஒத்திகை வீட்டு மாடிப்படியில் நடக்கிறது. வளையத்தைக் கையில் மாட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு, கம்பளிக் கால்கள் தெரியப் படியேறுகிறாள். மேலே வந்ததும், யாரும் சொல்லித்தராமலே, வளையத்தை நழுவ விடுகிறாள். துடுப்பு விரிந்து விழுகிறது. இரண்டு முழங்காலையும் ஒன்றோடொன்று இறுக்கி ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு வீட்டின் அழைப்புமணியை அழுத்துகிறாள்.